நெய்தல் நிலத்து வீட்டுக்குள் எந்த விதை?

தூத்துக்குடியில் மாடி வீடுகள் பெருகி முற்றங்கள் மறைந்த பின்னர், கீரைப் பாத்தி மெல்ல வீட்டுக்குள் குடிவந்திருக்கிறது. வெள்ளை நெகிழித் தொட்டி ஒன்று, அதன் தலைக்கு மேல் ஒரு விளக்கு, உள்ளே நீரைச் சுழற்றும் சிறு மோட்டார், கூடவே விதை அடைத்த குப்பிகள் சில. இவற்றை வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: எந்த விதை போடலாம்? தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க கேள்விதானா இது என நண்பர்கள் நகைக்கலாம். தகும் என்பதே எங்கள் எண்ணம். விடையில் ஒரு பாதி வேளாண் நூல்களில் இருக்கிறது. மறுபாதி நம் திணைக் கோட்பாட்டில் இருக்கிறது.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியம். மண்ணில்லா வேளாண்மை அவ்விரண்டில் ஒன்றை எடுத்து அப்புறம் வைத்துவிட்டது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக்கி 1929ஆம் ஆண்டளவில் உரம் கரைத்த நீரில் தக்காளி வளர்த்துக் காட்டினார். ஹைட்ரோபோனிக்ஸ் என்னும் பெயரை 1937இல் வழக்குக்குக் கொண்டுவந்தார். இந்தியாவுக்கு அம்முறை வந்தது 1946இல். ஷோல்டோ டக்ளஸ் என்னும் ஆங்கிலேயர் வங்காளத்தின் காலிம்பாங்கில் ஆய்வுக்கூடம் அமைத்துப் பின்னர் அதனை நூலாகவும் எழுதினார். காலிம்பாங் இமயத்தின் அடிவாரத்துக் குளிர் மலையூர் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். நிலத்தை நீக்கலாம், சரி. பொழுதை எவ்வாறு நீக்குவது? அறைக்குள் வைத்துவிட்டால் கோடை வெளியே நின்றுவிடும் என்று பெட்டியின் மேலுள்ள வண்ணப்படம் சொல்கிறது. பகலும் இரவும் குளிர்சாதனம் ஓடும் வீட்டில் வேண்டுமானால் அது மெய்யாகலாம். எங்களைப் போன்றோர் வீட்டில் சித்திரை மாதத்து அறையும் சித்திரை மாதமாகத்தான் இருக்கிறது.

பெட்டியோடு வரும் குப்பிகளில் பெரும்பாலும் இருப்பவை லெட்டூஸ், பேசில், பார்ஸ்லி, தைம். இவற்றுள் லெட்டூஸைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏமாற்றம் மிகுதியும் அதில்தான் நேர்கிறது. லெட்டூஸ் விதை நன்கு முளைப்பது 18 முதல் 21 பாகை வெப்பத்தில். 30 பாகையைத் தாண்டினால் பல வகைகளின் விதைகள் உறக்கத்தில் ஆழ்ந்துவிடும். விதை கெட்டுவிடவில்லை, முளைக்க மறுக்கிறது, அவ்வளவே. முளைத்து வளர்ந்த செடியும் வெப்பம் மிகுந்தால் இலை விடுவதை நிறுத்தித் தண்டை நீட்டிப் பூக்கத் தொடங்கும்; இலை கசந்துபோகும். இதற்கும் மேலாக வேரின் துன்பம் ஒன்று உண்டு. 25 பாகை வெப்பமுள்ள நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். நீர் சூடேறச் சூடேற அந்த அளவு குறையும். மூச்சுத் திணறும் வேரைப் பூஞ்சணம் பற்றும். வெண்மையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி வழுவழுக்கும். தொட்டியைத் திறந்ததும் எழும் நாற்றமே நோயைச் சொல்லிவிடும்.

நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உரியன என்று பிற்கால இலக்கணம் வகுத்தது. தலைவி இரங்குவதற்கு ஆறும் பொருந்தலாம். லெட்டூஸுக்கு எங்கள் ஊரில் பொருந்துவன கூதிரும் முன்பனியும் மட்டுமே. ஐப்பசி கடைசியில் விதைத்துத் தை முடிவதற்குள் உண்டு தீர்த்துவிட வேண்டும். அப்போதும் ஐஸ்பெர்க் போலத் தலை கட்டும் வகையைத் தொடவே கூடாது. அதற்கு நீண்ட குளிர் வேண்டும், எங்கள் மார்கழியோ உடல் வியர்க்காத ஒரு மாதம், அவ்வளவுதான். உதிரி இலை வகைகளும், வெப்பம் தாங்கும் படேவியா இனத்தவையும், பாலை வெயிலுக்கென இஸ்ரேலில் உருவாக்கப்பட்ட ஜெரிக்கோ என்னும் ரோமைன் வகையும் கொள்ளத்தக்கவை. விதையை ஈரத்தாளில் மடித்து ஓரிரு நாள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தெடுத்தால் உறக்கம் கலையும். அதை ஆழப் புதைக்கவும் கூடாது. லெட்டூஸ் விதைகள் பலவும் முளைப்பதற்கு ஒளியை நாடுவன. பங்குனியில் லெட்டூஸ் குப்பியைத் திறக்கிறவர் பணத்தைத் தண்ணீரில் போடுகிறார் என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை.

பொழுதுக்கு அடுத்தது நீர். சிறுபாணாற்றுப்படையில் வறுமையுற்ற பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கொய்து உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். உப்பு வாங்க வழியில்லை. எங்கள் ஊரின் வறுமை இதற்கு நேர் எதிரானது. உப்பளங்கள் சூழ்ந்த நகரில், கடலோரத் தெருக்களின் ஆழ்குழாய் நீர் வாயில் வைக்க முடியாத கரிப்பு. மண்ணில்லா வேளாண்மையில் செடிக்கு ஊட்டும் உணவும் உப்புகளே என்பதால் இது வெறும் சுவைச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. கால்சியம் நைட்ரேட், மெக்னீசியம் சல்பேட், பொட்டாசிய உப்புகள் ஆகியவற்றை நீரில் கரைத்து, அதன் மின்கடத்துத் திறனை மானி கொண்டு அளந்து ஊற்றுகிறோம். லெட்டூஸுக்கு மானி 0.8 முதல் 1.2 வரை காட்டினால் போதும். உரம் சேர்ப்பதற்கு முன்பே ஆழ்குழாய் நீர் 2 காட்டினால் உரத்திற்கு இடம் எங்கே? தட்டில் முன்னமே உப்பைக் குவித்துவிட்டுச் சோறு பரிமாறுவது போன்றது அது.

ஆகவே விதை வாங்கும் முன் நீரை அளக்க வேண்டும் என்று எங்களைக் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறோம். விலை மலிந்த சிறு மானி போதும். வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணிக் குடிநீர் கிடைக்கும் வீட்டாருக்குக் கவலை குறைவு. கேன் தண்ணீரையோ சுத்திகரிப்பு இயந்திரத்து நீரையோ ஊற்றுவோர், அதில் கால்சியம் முதலியன நீக்கப்பட்டிருக்கும் என்பதால் உரக்கரைசலில் அவற்றை முறையாகச் சேர்க்க வேண்டும். கால்சியம் நைட்ரேட்டின் செறிந்த கரைசலையும் மெக்னீசியம் சல்பேட்டின் செறிந்த கரைசலையும் ஒன்றாக ஊற்றினால் ஜிப்சம் படிந்து இரண்டும் வீணாகும். கடைக்காரர் இரண்டு புட்டிகளாகத் தருவது அதனால்தான், வணிகத் தந்திரத்தால் அன்று. கரிப்பு நீர் ஒன்றே கதி என்பவருக்கும் வழியில்லாமல் இல்லை. அவர் தேட வேண்டியது வேறு விதை.

அந்த வேறு விதைகளில் நாங்கள் முதலில் நிறுத்துவது பருப்புக்கீரையை. தரையோடு படர்ந்து, தடித்த சிற்றிலையும் செந்தண்டுமாக இருக்கும் இக்கீரையைக் களையென்று பிடுங்கி எறிகிறோம். வெயில் இதற்கு உறவு. உப்பைப் பொறுப்பதில் லெட்டூஸைக் காட்டிலும் பன்மடங்கு வலியது. மத்தியதரைக்கடல் நாடுகளில் இதைச் சாலட்டாகப் பச்சையாகவே உண்கிறார்கள். மண்ணில்லா முறையில் வளர்த்து விற்பதும் உண்டு. புளிப்பேறிய சுவை. ஒமேகா 3 வகைக் கொழுப்பமிலம் கொண்ட கீரை என்று ஊட்டவியலார் பாராட்டுகின்றனர். ஆக்சலேட்டும் மிகுதி ஆதலால் சிறுநீரகக் கல் உள்ளோர் அளவறிந்து உண்ண வேண்டும். விதை கருமணலினும் நுண்ணியது. தேங்காய் நார்த்துகளின் மேல் தூவி, மூடாமல், ஈரத்தை மட்டும் காத்தால் போதும்.

உப்பையே விரும்பி வாழும் உமரியைப் பற்றியும் ஒரு சொல். உப்பள வரப்புகளில் நடந்தவர் அறிவர், கணுக்கணுவாய்ச் சாறு நிறைந்த அச்செடியை. உமரிக்காடு என்று ஓர் ஊரே எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. பவநகரிலுள்ள மத்திய உப்பு, கடல்வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தார் இவ்வினத்துச் செடியொன்றிலிருந்து தாவர உப்பே எடுத்திருக்கின்றனர். வீட்டுத் தொட்டிக்கு இது இன்னும் பழகவில்லை. பழக்கிப் பார்க்கத் தகுந்தது. யாரேனும் தாவரவியல் மாணவர் முன்வந்தால் நன்று.

அடுத்து, நீரிலேயே பிறந்தவை. வள்ளை, பொன்னாங்கண்ணி, வல்லாரை ஆகியவற்றுக்கு ‘மண்ணில்லாமல் வளர்வாயா?’ என்று தேர்வு வைக்க வேண்டியதே இல்லை. குளத்தில் படரும் கொடியாக மருதப் பாடல்களில் வரும் வள்ளையை, பெண்ணின் காதுக்கு உவமையாக்கிக் களைக்கும் வரை பாடினார்கள் நம் புலவர்கள். பாடிய நாம் உண்ண மறந்தோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர் காங்கோங் என்று அதை நாள்தோறும் வதக்கி உண்கின்றனர். இலங்கையில் அது கங்குன். விதை சற்றுப் பெரிது, கடினமானது. ஓரிரவு ஊறவைத்தால் விரைவில் முளைக்கும். நுனியை வெட்ட வெட்டத் தழைக்கும். பொன்னாங்கண்ணிக்கும் வல்லாரைக்கும் விதை தேடி அலைய வேண்டாம். கணுவுள்ள துண்டு ஒன்றை நீரில் இட்டால் வேர்விடும். புதினாவும் அத்தகையதே. புதினா விதை என்று விற்கும் உறையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம், விதையிலிருந்து வரும் புதினா தாய்ச்செடியின் மணத்தோடு வரும் என்பதற்கு உறுதியில்லை. சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து இரண்டு தண்டுகளை நீரில் வைப்பவர் இலையைக் கிள்ளி மணத்தை அறிந்தபின்பே வைக்கிறார்.

குப்பிகளின் மேலுள்ள பெயர்களைப் பார்த்து மயங்குவதற்கும் ஓர் எல்லை வேண்டும். பேசில் என்று நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு வரும் செடி நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமேயாகும். உருத்திரச்சடை என்றும் அதற்குப் பெயர். நாட்டு மருந்துக் கடையில் சப்ஜா விதை என்று கேட்டால் மடித்துத் தருவார்கள். சர்பத்தில் மிதக்கும் அதே விதை. நீர் பட்டதும் அதைச் சுற்றி ஒரு கூழ்ப்படலம் திரள்வதைக் கண்டு கெட்டுப்போயிற்று என்று கருத வேண்டியதில்லை, அதன் இயல்பு அது. இத்தாலிய வகையின் இலை அகலமும் மணமும் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறோம். பாஸ்தாவுக்கு அதுதான் வேண்டும் என்போர் அதை வாங்கட்டும். ரசத்திலும் மோரிலும் கிள்ளிப்போட நம் பச்சிலை போதும். வெப்பத்தை விரும்புவதில் இரண்டும் ஒன்றே. தைமுக்கு மாற்றாக ஓமவல்லி இருக்கிறது. பார்ஸ்லி முளைக்கவே இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும், பொறுமையுள்ளோர் முயலலாம்.

தினசரிச் சமையலுக்கு வருவோம். வெந்தயம் அடுக்களை டப்பாவிலிருந்தே எடுக்கலாம். இரண்டு மூன்று நாளில் முளைத்து, மூன்று வாரத்திற்குள் கிள்ளத் தயாராகிவிடும். கொத்தமல்லியில் கவனம் தேவை. விளாத்திகுளம், புதூர்க் கரிசலில் மானாவாரியாக விளையும் மல்லி காய்க்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. மழை ஈரம் வற்றுவதற்குள் பூத்துக் காய்த்துவிடும் அவசரம் அதன் பிறவிக்குணம். நமக்கு வேண்டியதோ பூக்கத் தாமதிக்கும் இலை வகை. மல்லியில் விதையென்று நாம் காண்பது இரு விதைகள் ஒட்டிய காய்; செருப்பாலோ கட்டையாலோ மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்தபின் இட வேண்டும் என்பதை எங்கள் பாட்டிமார் எந்த நூலையும் படிக்காமல் அறிந்திருந்தனர். கீரைகளுள் அரைக்கீரை வெட்ட வெட்டத் துளிர்ப்பது. சிறு தொட்டிக்கு அதுவே ஏற்றது. தண்டுக்கீரை ஆளுயரம் போகும், வீட்டுக்குள் வேண்டா. ஆனால் இக்குலத்திற்கு வெயில் போன்ற ஒளி வேண்டும். சன்னலோரம் இல்லாத அறையில் வைப்பவர் கீரைத்தண்டை அன்று, கீரை நூலை அறுவடை செய்வார்.

ஒளியைப் பற்றி நம்மூர்ப் பெண்களுக்குக் கற்பிக்க ஏதுமில்லை. அம்மன் கொடைக்கு முளைப்பாரி வளர்ப்பவர்கள் அவர்கள். வெளிச்சம் புகாத அறையில், நீர் தெளித்து, குலவையிட்டு, நவதானியத்தை முளைக்கவைக்கிறார்கள். ஒளி படாததால் முளை வெளிறி, மஞ்சள் பூத்து, உயர்ந்து நிற்கும். அங்கே அது அழகு. விளக்கின் ஒளி போதாத தொட்டியிலும் அதே வெளிறிய உயரம்தான் வரும். அங்கே அது நலிவு. 40 வாட் விளக்கை நாளொன்றுக்கு 15 மணி நேரம் எரித்தால் இரண்டு மாதத்திற்கு 36 யூனிட் செலவாகும். சன்னல் வெளிச்சம் வரும் இடத்தில் தொட்டியை வைத்தால் அதில் பெரும்பகுதி மிஞ்சும். முளைப்பாரியை விதையின் முளைப்புத்திறனைச் சோதிக்கும் மரபு என்று விளக்குவோர் உண்டு. அவ்வழக்கின் தோற்றம் எதுவாயினும், விதைக்கும் முன் நூறு விதைகளை ஈரத்துணியில் கட்டிவைத்து எத்தனை முளைக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது எந்நாளும் நல்ல வழக்கம்.

நான்கு சுவருக்குள் நீரில் வித்தை வளர்ப்பது எங்கள் ஊருக்குப் புதிதும் இல்லை. கொற்கையின் புகழ் சொன்ன முத்து, இந்தக் கரையில் 1961ஆம் ஆண்டோடு குளிப்பு நின்றுபோன முத்து. அதன்பின், தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவன மையத்தில் அழகர்சுவாமி முதலிய அறிஞர்கள் 1973இல் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். 1981இல் முத்துச்சிப்பியின் இளங்குஞ்சுகளைக் கூடத்துத் தொட்டிகளிலேயே பொரிக்கவைத்து வளர்த்தெடுத்தனர். துறையில் அக்குஞ்சுகளுக்கும் ‘விதை’ என்றுதான் பெயர். அவற்றுக்கு உணவான நுண்பாசியையும் குடுவைகளில், விளக்கொளியில், உரமிட்ட நீரில் தனியே வளர்த்தார்கள். எங்கள் ஊரின் முதல் மண்ணில்லாப் பயிர் அந்தப் பாசியாகத்தான் இருக்கும் என்று நாங்கள் விளையாட்டாகச் சொல்வதுண்டு. அவர்கள் எடுத்துக்கொண்டதும் மன்னார் வளைகுடாவின் சொந்தச் சிப்பியைத்தான். குளிர்நாட்டுச் சிப்பியை வரவழைத்துப் பனிக்கட்டியில் குளிப்பாட்டிக்கொண்டிருக்கவில்லை.

மண்ணில்லாமல் வளர்ப்பதும் ஒரு வேளாண்மையா என்று இயற்கை வேளாண் அன்பர்கள் சினப்பது எங்கள் காதில் விழுகிறது. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் 1960களில் பணியாற்றி, அங்கு நடப்பது உழவனுக்குப் பயன்படாதென்று விலகிய நம்மாழ்வார் இருந்திருந்தால், உரப்புட்டிகளைக் கண்டு முகம் சுளித்திருப்பார் என்பதில் ஐயமில்லை. மண் உள்ளவர் மண்ணில் விதைக்கட்டும். நாங்களும் அதையே சொல்வோம். இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருப்பவருக்கும் கீரை வேண்டியிருக்கிறதே. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டன. ஆற்றுப் பாசன ஊர்களிலிருந்து நகருக்கு வரும் கீரைக்கட்டும் அவற்றோடு நின்றது. ஒரு தொட்டிக் கீரை ஊரின் பசியை ஆற்றிவிடாது. அத்தகைய நாளில் பருப்போடு கடைய ஒரு கைப்பிடி அரைக்கீரை வீட்டில் இருப்பதன் அருமையை அந்த வாரத்தைக் கடந்தவர்கள் அறிவர்.

கடைசியாக, உறையைப் பற்றி. விற்பனைக்கு வரும் விதையுறையில் இன்ன வகை, எவ்வளவு முளைப்புத்திறன், என்று சோதித்தது, எதுவரை செல்லும், நஞ்சு பூசப்பட்டதா என்பன இருக்க வேண்டும். பூச்சிக்கொல்லியோ பூஞ்சணக்கொல்லியோ பூசிய விதைக்குச் சாயமேற்றியிருப்பார்கள். இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ பளபளக்கும் விதையை முளைக்கீரையாக உண்பதற்கென்று போடக் கூடாது. எங்கள் வீட்டுக்கு வந்த குப்பி ஒன்றில் செடியின் படம் அழகாக இருந்தது. சோதித்த நாளும் இல்லை, வகையின் பெயரும் இல்லை. இத்தகைய மூடிய குப்பிகளை நாங்கள் மறுப்பதற்கு விலை மட்டும் காரணமன்று. குப்பி தீர்ந்தால் மீண்டும் குப்பி. செடிக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு கடை எப்போதும் நிற்கிறது.

விதையை நாம் எவ்வாறு எண்ணினோம் என்பதைப் புறநானூற்றுப் பாட்டொன்று காட்டும். விருந்தினருக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாத மனையாள், விதைக்கென்று வைத்திருந்த தினையை உரலில் இட்டுக் குற்றுகிறாள். இளையான்குடி மாறநாயனார் மழையிரவில் வயலுக்குச் சென்று பகலில் விதைத்த நெல்முளையை வாரி வருகிறார்; கொல்லையில் முற்றாத கீரையைப் பறித்துத் தருகிறார். இவ்விரண்டும் நெஞ்சை உலுக்குவது, விதையை உண்பது கடைசிக் கதி என்பதை அந்தப் புலவரும் சேக்கிழாரும் கேட்போரும் ஒருங்கே அறிந்திருந்ததால்தான். விதை தீர்ந்தால் கடைக்குப் போகலாம் என்று பழகிய மாணவர்களுக்கு இப்பகுதியை நடத்தும்போது நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும். சொல் விளங்குகிறது, இழப்பு விளங்குவதில்லை.

எனவே வீரிய ஒட்டு ரகம் அல்லாத விதையாகத் தேடி வாங்குங்கள் என்கிறோம். தொட்டியில் ஒரு செடியையாவது வெட்டாமல் விதைக்கு விடுங்கள். லெட்டூஸ் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பது. தை மாதத்தில் விட்ட ஒரு செடி அடுத்த ஐப்பசிக்குப் போதிய விதையைத் தாய் போலவே தரும். அரைக்கீரையின் மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகும் ஆதலால், அது விதைக்கு நிற்கும்போது பக்கத்தில் வேறு கீரைவகை பூக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பருப்புக்கீரையின் சிறு காய்கள் மூடி திறப்பது போலத் திறந்து விதையைச் சிந்திவிடும். கீழே ஒரு தாளை விரித்து வையுங்கள். கடற்காற்றின் ஈரம் விதைக்குப் பகை. நிழலில் நன்கு உலர்த்தி, இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் இட்டு, வகையும் மாதமும் எழுதி, குளிர்பெட்டியில் வையுங்கள். எங்களிடம் பருப்புக்கீரை விதை இருக்கிறது. கேட்பவருக்கு ஒரு சிட்டிகை தருவோம்.